கயிறு பிடிக்க ஆளில்லாத காதல்கள்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. 1961-ஆம் ஆண்டோடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அக்கரையோர மக்களிடையே ஒரு பேச்சு மட்டும் இன்னும் நிற்கிறது. கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் நின்று பிடித்துக்கொண்டிருப்பவன் அவனுடைய மைத்துனனாகவே இருப்பானாம். காரணம் கேட்டால், "கயிறு நழுவினால் கைம்பெண்ணாகப் போகிறவள் அவன் உடன்பிறந்தவள் அல்லவா!" என்பார்கள்.

அந்தப் பேச்சை நாம் எப்போது கேட்டாலும் அதில் ஒரு முழுக் குடும்பக் கதை அடங்கியிருப்பதாகவே தோன்றும். கீழே ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிழைப்புத் தேடுகிறான். மேலே ஒருவன் கயிற்றின் அசைவில் கருத்தாக இருக்கிறான். கரையிலே ஒருத்தி அடுப்பை மூட்டிவிட்டுக் கடலைப் பார்க்கிறாள். மூவரில் எவரும் அன்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அன்பு அங்கே இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இதை எண்ணத் தூண்டியது, அண்மையில் நாம் படிக்க நேர்ந்த ஒரு காதற் குறுநாவல். கதை நிகழும் ஊர் தூத்துக்குடி. கதாநாயகன் கப்பல் நிறுவன முதலாளி. வயது இருபத்தெட்டு. வ.உ.சி. துறைமுகத்தில் அவனுடைய கப்பல்கள் வந்து நிற்கின்றனவாம். அவற்றில் வந்திறங்குவது நிலக்கரியா, உரமா? ஏறிப்போவது உப்பா, பஞ்சா? ஆசிரியர் சொல்லவில்லை, கதாநாயகனுக்கும் தெரிந்ததாகக் காணோம். கதாநாயகி தாய் தந்தையற்ற ஏழை. வேலை கேட்டு வருகிறாள். இருபதாம் பக்கத்தில் அவள் கையை அவன் முரட்டுத்தனமாகப் பற்றுகிறான். நாற்பதாம் பக்கத்தில் ஏதோ ஒரு கடனுக்கு ஈடாக அவளை மணக்கிறான். அறுபதாம் பக்கத்தில் யாரோ சொன்ன பொய்யை நம்பிச் சந்தேகப்படுகிறான். தொண்ணூறாம் பக்கத்தில் பொய் வெளிப்படுகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் அவன் மார்பில் சாய்ந்து அழுகிறாள். முடிந்தது கதை! உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரைப் பற்றிய அந்த நூலில் உப்பின் கரிப்பு ஒரு வரியிலும் இல்லை.

அந்தத் துறைமுகம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது? 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, அதன் பயனாகச் சிறை சென்று செக்கிழுத்து, கப்பலையும் செல்வத்தையும் வாழ்வின் வசந்தத்தையும் இழந்த வ.உ.சிதம்பரனாரின் பெயரை. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அதற்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. கப்பலுக்காக ஒரு மனிதன் எவ்வளவு இழக்கக் கூடும் என்பதற்கு அந்தப் பெயரே சான்று. நம் குறுநாவலின் கப்பல் முதலாளியோ, கதை முழுவதிலும் ஒரு நாள் உறக்கத்தைக்கூட இழக்கவில்லை. எதையும் இழக்காதவன் காதலிக்கிறான் என்றால் நாம் எதைக்கொண்டு நம்புவது?

ஒரு நூலைப் பற்றிய முணுமுணுப்பு மட்டுமானால் நாம் இந்தப் பக்கங்களை வீணாக்கமாட்டோம். இது ஒரு மரபாகிவிட்டது. 1969-இல் 'ராணி முத்து' தோன்றி, மலிவு விலையில் மாதம் ஒரு நாவல் என்னும் வழக்கம் வேரூன்றியது. அதன் வழியில் பல மாத இதழ்கள் பிறந்தன. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தச் சிறு நூல்கள், நூலகப் படி ஏற வழியில்லாத எத்தனையோ பெண்களின் கைக்குப் புத்தகம் என்ற ஒன்றைக் கொண்டு சேர்த்தன. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களால் இல்லத்தரசிகளின் பெரும் வாசகப் படையைத் திரட்டிய ரமணிசந்திரன் பிறந்தது இதே கடற்கரைத் திருச்செந்தூரில்தான். பெண்கள் தனியே இருந்து கூச்சமின்றிப் படிக்கத்தக்க நடையை அவர் பேணினார் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் வெற்றி பெற்ற ஒரு வாய்பாட்டை நகலெடுக்க நூறு பேர் கிளம்பும்போது, மனிதர்கள் மறைந்து வாய்பாடு மட்டுமே மிஞ்சுகிறது. இன்று அந்த வாய்பாடு அச்சுத்தாளை விட்டுக் கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்து, நாளுக்கொரு அத்தியாயமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அவற்றைப் படிக்கிறார்கள். நாம் அறியாமல் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது நம் அறியாமை.

இதற்கு எதிராகப் பேசினால் மூன்று திசையிலிருந்து மூன்று மறுப்புகள் வருகின்றன.

முதல் மறுப்பு நம் பெரியவர்களிடமிருந்து வருவது. "காதற்கதையில் நல்லதென்ன, கெட்டதென்ன? அனைத்தையும் அடுப்பில் போடுங்கள்" என்கிறார்கள். அவர்கள்மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் உடன்பாடு இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவை அவர்கள் சற்றே நினைவுகூரட்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரீரா என்னும் பெண்மணிக்கு, அடிமையாயிருந்த தம் கணவர் முகீதோடு தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை கிடைத்தது. அவர் பிரிவையே தேர்ந்தார். முகீதோ மதீனாவின் தெருக்களில் கண்ணீர் தாடியில் வழிய அவர் பின்னே நடந்தார். நாயகம் அவர்கள் இரக்கங்கொண்டு, அவரிடம் திரும்பக் கூடாதா என்று பரீராவைக் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் நாயகம். அவ்வாறாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். புகாரீ ஷரீபில் இடம்பெற்றுள்ள இந்த நிகழ்ச்சி சில வரிகளே கொண்டது. அதில் இரண்டு உள்ளங்கள் முழுமையாகத் தெரிகின்றன. அழுகிற ஆணை எவரும் இகழவில்லை. மறுக்கிற பெண்ணை எவரும் பழிக்கவில்லை. காதலைப் பேசுவதே பாவம் என்றால் இந்த வரலாற்றை நமக்குச் சொல்லிவைத்தவர்கள் ஏன் சொல்லிவைத்தார்கள்?

இரண்டாம் மறுப்பு வெளியீட்டாளர்களுடையது. "நூறு பக்கத்தில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? ஆழம் வேண்டுமானால் ஆயிரம் பக்க நாவலைப் படியுங்கள்" என்கிறார்கள். இது வாணிகர் சொல்லும் சாக்கு. அளவு சிறியதாயிருப்பது குற்றமன்று. பரீராவின் வரலாறே அதற்குச் சான்று. அது போதாதென்றால், கேரளத்தின் வைக்கம் முகம்மது பஷீர் 1944-இல் வெளியிட்ட 'பால்யகாலசகி'யைக் கையிலெடுங்கள். தமிழில் 'இளம்பருவத்துத் தோழி'யாக வந்திருக்கும் அதன் அளவும் ஏறத்தாழ நூறு பக்கமே. மஜீதும் சுகறாவும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற முஸ்லிம் பிள்ளைகள். தந்தை இறந்ததும் சுகறாவின் படிப்பு நிற்கிறது. மஜீதின் குடும்பம் நொடிந்துபோகிறது. அவன் ஊரைவிட்டுப் போயிருந்த காலத்தில் அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள், அடிபட்டுத் திரும்புகிறாள். தங்கைகளுக்குக் கொடுக்க வேண்டிய கைக்கூலிக்காக மஜீத் மீண்டும் வெளியூர் போகிறான். ஒரு காலை இழக்கிறான். உணவு விடுதியில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். அங்கேதான் அவள் மறைந்த செய்தி அவனை வந்தடைகிறது. புறப்பட்ட நாளில் அவள் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்ட சொல் என்னவாயிருக்கும் என்னும் ஏக்கம் அவனிடம் எஞ்சுகிறது. அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை வாசகர்கள் கண்ணீர் விடுகிறார்கள். நூறு பக்கத்தில் இவ்வளவும் அடங்கிற்றே, எப்படி?

மலையாளத்துக்குப் போவானேன்? நம் கரையிலேயே சான்று உண்டு. வண்ணநிலவன் 1977-இல் தந்த 'கடல்புரத்தில்' சிறிய நாவலே. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டுக் கடற்கரையின் கிறிஸ்தவ மீனவர் வாழ்வு அது. குரூஸ் மிக்கேல் தன் வள்ளத்தை விற்க மனமில்லாத தந்தை. அதை விற்றுவிட்டுத் தன்னோடு வந்திருக்கச் சொல்லும் படித்த மகன் செபஸ்தி. இந்த இழுபறியின் நடுவே மகள் பிலோமியின் காதல். அது கல்யாணத்தில் முடியவில்லை. ஆயினும் அவள் சாமிதாஸைச் சபிக்கவில்லை, நஞ்சு குடிக்கவில்லை, நீண்ட வசனம் பேசவில்லை. இழந்ததைத் தாங்கிக்கொண்டு, தன்னைச் சுற்றியுள்ளவர்கள்மீது அன்பு குன்றாமல் வாழப் பழகுகிறாள். அவள் காதலை நாம் நம்புகிறோம். ஏனெனில் அவள் தந்தையின் வள்ளத்தை நாம் நம்புகிறோம். அந்த வள்ளம் கதையில் இல்லாவிட்டால் பிலோமியும் மாத நாவல் பதுமைகளில் ஒருத்தியாகியிருப்பாள்.

குறுகிய நூலில் ஆழம் பிறக்கும் இரகசியம் இதுதான். பாத்திரத்தின் குணங்களை அடைமொழியாக அடுக்குவதால் ஆழம் வராது. "கம்பீரமானவன், கடுமையானவன், ஆனால் உள்ளுக்குள் மென்மையானவன்" என்று பத்து முறை எழுதினாலும் அவன் வெறும் சட்டை தொங்கும் ஆணியே. அவனுடைய பிழைப்பு என்ன, அவன் யாருக்குக் கடன்பட்டவன், இந்தக் காதலால் அவன் எதை இழப்பான் என்று மூன்று வரியில் காட்டிவிட்டால் அவன் எழுந்து நடப்பான். வள்ளத்தை விற்பதா வேண்டாமா, தங்கைக்குக் கைக்கூலி சேர்ப்பதா வேண்டாமா என்னும் கேள்விகளே மனிதனை மனிதனாக்குகின்றன. முக்குளிப்பவன் மூச்சை நம்பி மட்டும் இறங்குவதில்லை. மேலே கயிறு பிடிக்க ஓர் உறவு இருக்கிறது. இன்றைய குறுநாவல் காதலர்களுக்கு அந்தக் கயிறே இல்லை. அண்ணன் இல்லை, அக்காள் இல்லை, அண்டை வீடு இல்லை. கதாநாயகி பெரும்பாலும் அநாதையாகவே பிறப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? உறவினர்களை எழுதும் சிரமம் ஆசிரியருக்கு மிச்சமாகிறது!

நம்முடைய வாழ்வையே எடுத்துக்கொள்வோம். பணக்கார மாளிகைக்குள் நுழையும் ஏழை மருமகள், அங்கே அவளை வதைக்கும் மாமியார் என்பதே இக்கதைகளின் நிலையான அரங்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் இந்த அரங்கத்தைப் போட முடியுமா? அங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மணமான பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். அங்கே முதல் நாள் கூச்சம் மணமகளுடையது மட்டுமன்று, அந்நிய வீட்டில் விருந்தாளியாக அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையுடையதுமாகும். பிறகு அவர் சபர் புறப்படுவார். முன்பு கொழும்புக்கு; இன்று வளைகுடாவுக்கு, கீழை நாடுகளுக்கு. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் சேர்ந்திருந்து, எஞ்சிய நாட்களைக் கடிதத்தாலும் தொலைபேசியாலும் நிரப்பி, இருபது முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் காத்த தம்பதிகள் நம்மிடையே எத்தனை பேர்! 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பழைய பயணங்களின் நினைவுகள் எத்தனை வீடுகளில் கிளறப்பட்டன! அவ்வாண்டு நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது; நினைவுகள் நிற்கவில்லை. இந்தப் பிரிவின் காதலை எழுத எந்த மாத நாவல் முன்வந்தது? வாரிக்கொடுக்கக் கடல் காத்திருக்க, இவர்கள் வாளித் தண்ணீரில் வலை வீசுகிறார்கள்.

மூன்றாம் மறுப்பு வாசகர்களுடையது, நம் சகோதரிகளுடையது. "நாள் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு மணி நேரம் மறந்திருக்கப் படிக்கிறோம். இதையும் கெடுக்க வேண்டுமா?" என்கிறார்கள். இந்த மறுப்புக்கு முன் நாம் தயங்கி நிற்கிறோம். ஏனெனில் இதில் வலி இருக்கிறது. ஓய்வு ஹலாலானது, கற்பனையும் அப்படியே. ஆனால் இந்த நூல்களால் நேர்வது வெறும் மறதியன்று. அவை கற்பிக்கவும் செய்கின்றன.

நம் இல்லத்துக்கு வந்த ஓர் அம்மையார் தம் மகளைப் பற்றி மனம் நொந்து பேசினார். மணமாகி ஓராண்டு. மருமகன் வளைகுடாவில் கணக்கர். இரவுதோறும் அழைத்து, சாப்பிட்டாயா, உம்மாவின் கண் மருந்து தீர்ந்துவிட்டதா, மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்பார். மகளோ, "அவருக்கு என்மேல் ஆசையே இல்லை உம்மா. ஒரு நாளாவது கோபப்பட்டிருக்கிறாரா? யாரோடு பேசினாய் என்று ஒரு தடவையாவது அதட்டியிருக்கிறாரா?" என்று அழுகிறாளாம். இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், சந்தேகமே காதலின் அடையாளம் என்று? அதட்டலே ஆசை என்று? கையை முறுக்குகிறவன் மனத்துக்குள் உருகுகிறான் என்று? அவள் தலையணைக்கு அடியிலிருந்த நூல்கள் சொல்லிக்கொடுத்தன. கண் மருந்தைக் கேட்கிற அன்பை அன்பென்று கண்டுகொள்ள அவை அவளுக்குக் கற்பிக்கவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. அடிக்கிற கணவனிடம் அகப்பட்ட பெண், "இது கடைசி அத்தியாயத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்கப் பழகுகிறாள். கடைசி அத்தியாயம் நாவலுக்கு உண்டு. வாழ்க்கையில் அதை எழுதித் தருகிறவர் யார்? கொடுமையைக் காதலின் முகவுரையாக எழுதுகிற பேனாவுக்கு இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு என்று நாம் சொல்வோம். சுகறாவை அடித்தவனை அன்பு மறைத்த கணவனாகக் காட்டிப் பஷீர் மெழுகிவிடவில்லை. அடி அடியாகவே நிற்கிறது. அந்த உண்மையினால்தான் மஜீதின் மென்மை நமக்கு ஆறுதலாகிறது.

நம்பத்தக்க காதலின் உரைகல் எது என்று கேட்டால் நாம் ஒன்றைத்தான் சொல்வோம். அந்தப் பெண்ணால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அவள் சொல்லும் "சம்மதம்" செல்லாக் காசு. கடனுக்கு ஈடாக மணக்கப்பட்டவள், போக்கிடம் இல்லாதவள், மாதச் சம்பளம் அவன் கையில் உள்ளவள் — இத்தகையவள் கடைசிப் பக்கத்தில் அவன் மார்பில் சாய்வது காதலா, களைப்பா? நம் மார்க்கம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் என்னென்ன கேட்கிறது? மணமகன் யார், மணமகள் யார் மகள், வலீ யார், சாட்சிகள் யார், மஹர் எவ்வளவு? மணமகளின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பதும் நபிமொழி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் சடங்கு அது. ஆனால் ஆள் யார், உறவு எது, கொடுப்பது என்ன, மனம் என்ன என்று எல்லாம் கேட்டுவிடுகிறது. கால் மணி நேர மஜ்லிஸுக்கு முடிந்தது நூறு பக்க நாவலுக்கு ஏன் முடியாது?

இவ்விடத்தில் நம்மவர்களையும் சற்றே கடிந்துகொள்வது கடமை. மாத நாவலுக்கு மாற்றாக நாம் என்ன கொடுத்தோம்? ஐவேளை தொழுகிற உத்தமன், அவனை மணந்து திருந்துகிற உல்லாசி என்று எழுதப்படும் போதனைக் கதைகளில் மட்டும் மனிதர்கள் இருக்கிறார்களா? அங்கே வாய்பாடு மாறியிருக்கிறது; பதுமைகள் மாறவில்லை. நன்மையை எழுதுவதாலேயே நூல் நல்லதாகிவிடாது. தடுமாறாத உத்தமனை யாரும் நம்புவதில்லை. நம்பப்படாதவனிடமிருந்து யாரும் எதையும் கற்பதுமில்லை.

நமக்கு முன்னோடி இல்லையா? பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்ற நாகூர்ப் பெண்மணி சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே.சாமிநாதையர் அவர்கள். அந்தத் தலைப்பிலுள்ள இரண்டு வினாக்குறிகளைப் பாருங்கள். காதலுக்கு எதிரே ஒரு கடமையை நிறுத்தினால்தான் காதலின் எடை தெரியும் என்று அந்த இளம் பெண் அன்றே அறிந்திருந்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த வினாவையே கேட்காத நூல்களை நம் பிள்ளைகள் படிக்க விட்டிருக்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவது தடையன்று, தரம். எழுத்தாளர்களே, நூறு பக்கமே எழுதுங்கள். ஆனால் அதில் ஒரு பக்கத்தையாவது கதாநாயகனின் பிழைப்புக்குக் கொடுங்கள். தூத்துக்குடியை எழுதினால் அங்கே உப்பளத்தில் கண் கூசும் வெயிலில் நிற்கிற பெண் இருக்கிறாள். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியின் தண்டல் இருக்கிறார். துறைமுக வாயிலில் இரவெல்லாம் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநர் இருக்கிறார். அவர்களும் காதலிக்கிறார்கள். அவர்களுடைய காதலுக்கு நேரமில்லை, இடமில்லை, பணமில்லை. அதனாலேயே அது கதையாகத் தகுந்தது. வெளியீட்டாளர்களே, வாசகி இதைத்தான் கேட்கிறாள் என்று அவள்மேல் பழி போடாதீர்கள். நீங்கள் கொடுத்ததைத் தவிர வேறொன்றைக் கேட்க அவளுக்கு வாய்ப்பளித்தீர்களா?

பெற்றோர்களே, மகள் கையிலுள்ள நூலைப் பிடுங்காதீர்கள். அவளோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். படித்து முடித்ததும் நிக்காஹ் மஜ்லிஸின் கேள்விகளை அந்த நாவலிடம் கேட்கச் சொல்லுங்கள். இவன் யார்? இவள் யார் மகள்? இவர்களுக்குச் சாட்சி யார்? இவன் கொடுப்பது என்ன? இவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? ஐந்துக்கும் விடையில்லாத நூலை அவளே மூடிவைத்துவிடுவாள். அதைவிட முக்கியமாக, நாளை தன்னைத் தேடி வரும் மாப்பிள்ளையைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்க அவளுக்குத் துணிவு வரும். அன்று அவள் கேட்கும்போது நாம் வாயடைத்து நிற்காமல் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.